பின் ஸ்பிரிங்கின் ஐந்து படிகள்

பதுளை ஆஸ்பத்திரி வாசலில் மரகதம் என் பைக்கிலிருந்து இறங்கினாள். இறங்கினாள் என்று ஒரே சொல்லில் எழுதுவது சரியில்லை. ஒரு கையால் என் தோளையும் மறு கையால் கேட்டின் கம்பியையும் பிடித்துக்கொண்டு, கால் தரையில் படும்வரை கண்ணை மூடியிருந்தாள். கம்பி முழுக்க காலைப் பனி துளித்துளியாக நின்றது. அவள் பிடித்த இடத்தில் மட்டும் அது அழிந்து, ஐந்து விரல்களின் தடம் தெரிந்தது.

சேலையைச் சரிசெய்தாள். பிறகு சொன்னாள்.

"இன்னைக்கு வந்தது வந்துட்டேன். அடுத்த தடவைக்கு நான் வரலைங்க."

"வராம?"

"வராமதான். வீட்டுலயே இருக்கேன். ஆகுறது ஆகட்டும்."

"டொக்டர் இன்னும் நாலு தடவை மருந்து ஏத்தணும்னு சொல்லியிருக்காரு."

"அவரு சொல்லுவாரு. அவரா உங்க பைக்குல பின்னால உக்காந்து வாறாரு?"

கோபமாகச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். மரகதம் என் மனைவி. வயிற்றில் ஆபரேஷன் செய்து, கட்டியை எடுத்து, அதன் பிறகு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். தையல் ஆறிவிட்டது என்று டொக்டர் சொல்கிறார். ஆனால் பைக் ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் அந்தத் தையலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் யாரோ இழுப்பது போல இருக்கிறது என்று அவள் சொல்கிறாள். உட்கார்ந்து வருபவள் அவள்.

வார்டு வாசலில் ஒரு தராசு உண்டு. உள்ளே போகுமுன் ஒவ்வொருவரையும் அதில் ஏற்றி, நர்ஸ் எடையைச் சத்தமாக வாசிப்பார். மற்றொரு நர்ஸ் எழுதிக்கொள்வார். அந்த நேரம் வந்ததும் எனக்கு எப்போதும் ஒரு பிளேன்டீ குடிக்க வேண்டியிருக்கும். அன்றும் குடிக்கப் போனேன்.

மூன்று சக்கரமும் இரண்டு சக்கரமும்

பைக்கை விட்டுவிட்டு வேறு எதிலாவது கூட்டிப் போகக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். கொழும்பில் இருக்கும் என் மகனும் அதையே கேட்கிறான். அவனுக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன்.

எங்கள் வீடு நமுனுகுல மலையின் சாரலில், தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருக்கிறது. போன பெருமழையில் பாதையின் மதகு இடிந்தது. அதன் மேல் பலகை போட்டிருக்கிறார்கள். பலகையில் மனிதர் போகலாம், மாடு போகலாம், பைக் போகலாம். பஸ் மதகுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. அங்கே போய் ஏறினாலும் பதுளை வரை நின்றுகொண்டுதான் போகவேண்டும். வேனில் ஏற்றினால், மூடிய வண்டியின் வாடைக்கு அவளுக்கு வாந்தி வருகிறது. மருந்து ஏற்றிய உடம்பு அப்படி.

ஆட்டோவுக்கு மூன்று சக்கரம். முன் சக்கரத்தைப் பள்ளத்திலிருந்து தப்பவைத்தால் பின் சக்கரங்களில் ஒன்று அதில் இறங்கும். பைக்கின் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் போகின்றன. ஒரு பள்ளத்தைத் தப்பினால் முழுதாகத் தப்பலாம். ஆகவே கணக்குப்படி பைக்தான் நல்லது. மகன் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. மரகதம் ஏற்றாள்.

எதையும் எண்ணுவது என் வியாதி. இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு அது இதற்குள் தெரிந்திருக்கும். எங்கள் வாசலிலிருந்து தார்ப்பாதை வரை எழுபத்தாறு பள்ளங்கள். அவற்றில் தப்ப முடியாதவை இருபத்தொன்று.

என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன். சீட்டின் மேல் தலையணை கட்டினேன். வளைவில் அது நழுவியது, அவளும் அதோடு நழுவப் பார்த்தாள். டயரில் காற்றைக் குறைத்தேன்; பைக் பாம்பு போல நெளிந்தது. மிகவும் மெதுவாக ஓட்டினேன். மெதுவாகப் போனால் பள்ளம் ஆற அமர இருந்து அடிக்கிறது.

பழைய பல்துலக்கும் பிரஷ்

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளோ, அதற்கு அடுத்த நாளோ, பைக்கை வாசலில் நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தேன். மலையின் பாதியை மேகம் மூடியிருந்தது. கீழே பதுளைப் பக்கம் மட்டும் வெயில். அந்த நேரத்தில் எங்கள் வீடு பூமியிலும் இல்லாமல் வானத்திலும் இல்லாமல் நடுவே எங்கோ நிற்பது போல இருக்கும். மரகதம் உள்ளே படுத்திருந்தாள். அவள் இருமினால் கேட்கும்படி கதவைத் திறந்து வைத்திருந்தேன்.

பள்ளத்தின் அதிர்ச்சியைத் தாங்கும் பின் ஷொக் இரண்டிலும் சேறு இறுகிக் கிடந்தது. பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தேன். ஸ்பிரிங்கின் அடியில் ஒரு இரும்பு வளையம் தெரிந்தது. அதன் விளிம்பு படிக்கட்டு போல வெட்டப்பட்டிருந்தது. எண்ணினேன். ஐந்து படிகள். ஷொக்கின் முளை ஐந்தாவது படியில் நின்றது. மறு பக்கம் போய்த் தேய்த்தேன். அதுவும் ஐந்தாவதில்தான் நின்றது.

அதை அங்கே நிறுத்தச் சொன்னது நான்தான் என்பது ஞாபகம் வந்தது. யாரைக் கேட்டாலும் அதையேதான் செய்திருப்பார்கள். எங்கள் மலையில் பைக் வாங்குகிறவர்கள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசை போட்ட கையோடு கராஜுக்குப் போய், "பின்னால ஏத்தி விடுங்க" என்று சொல்வார்கள். ஸ்பிரிங்கைக் கடைசிப் படிக்கு ஏற்றி இறுக்கிவிடுவார்கள். ஏனென்றால் இங்கே பைக் என்பது சின்ன லொறி. லீக்ஸ் சாக்கு, காஸ் சிலிண்டர், கூரைத் தகரம், கோயிலுக்கு வாழைக்குலை எல்லாம் அதில்தான் ஏறும்.

நாங்களும் ஏற்றினோம். நான் படிப்பித்த பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு நானும் மரகதமும் வீட்டுக்குப் பின்னால் போஞ்சிக்காய்த் தோட்டம் போட்டோம். இரண்டு சாக்கைக் கட்டி, அதற்கு முன்னால் அவள் உட்கார்ந்து வருவாள். அப்போது அவள் நல்ல பாரமான ஆள். மேட்டில் ஏறும்போது முன் சக்கரம் தூக்கப் பார்க்கும். "கொஞ்சம் முன்னால சாய்ஞ்சு ஓட்டுங்க, நானும் போஞ்சியும் ஒண்ணா கீழ கெடக்கப் போறோம்" என்பாள்.

பாரத்துக்காக இறுக்கிய ஸ்பிரிங், பாரம் இல்லாதபோது கல்லாகிவிடும். பாதையிலும் பைக்கிலும் எதுவும் மாறவில்லை. பின்னால் இருந்த பாரம்தான் மாறியிருந்தது.

அதற்கு மேல் அந்த யோசனையை நான் தொடரவில்லை. எழுந்து வாளித் தண்ணீரை முழுதாக ஊற்றினேன்.

வளையத்தைத் திருப்ப அதற்கென்று ஒரு சாவி உண்டு. பிறை போல வளைந்து, நுனியில் சின்னக் கொக்கியோடு இருக்கும். பைக் வாங்கியபோது சீட்டின் அடியில் ஒரு துணிப்பையில் தந்திருந்தார்கள். அந்தப் பையைத் திறந்தேன். பிளக் கழற்றும் சாவி ஒன்று, துருப்பிடித்த ஸ்பேனர் ஒன்று, காய்ந்த பல்லி ஒன்று. பிறையைக் காணவில்லை.

கடைவீதி

பதுளைக்கு இறங்கிப் போனேன். தனியாக ஓட்டும்போது பைக் இன்னும் துள்ளியது. ஒவ்வொரு துள்ளலிலும் பின்னால் ஆள் இல்லையே என்று ஒரு நிம்மதி. அடுத்த நொடியே, பின்னால் ஆள் இல்லையே என்று ஒரு பயம்.

முதலில் ஒரு கராஜ். அங்கிருந்தவர் பைக்கைப் பார்த்துவிட்டு உளியையும் சுத்தியலையும் எடுத்தார்.

"அந்தச் சாவியெல்லாம் யாரு வச்சிருக்கா சேர். உளிய வச்சு ரெண்டு தட்டு. சுத்திரும்."

"வளையத்தோட பல்லு உடைஞ்சா?"

"உடைஞ்சா உடைஞ்ச இடத்துலயே நிக்கும்."

அவர் வேடிக்கையாகச் சொன்னார். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. ஒரு பக்கம் மூன்றாம் படியிலும் மறு பக்கம் ஐந்திலும் நின்றுவிட்டால், நோயாளியைச் சாய்ந்த வண்டியில் கொண்டு போகவேண்டும். அன்று முழுக்க அந்த உளியின் சத்தம், அடிக்கப்படாத சத்தம், என் காதில் இருந்தது.

அடுத்து உதிரிப்பாகக் கடை. முதலாளி என் வயதுக்காரர். அவருடைய தாத்தா காலத்தில் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து வைத்த கடை. கேட்டதும் ஏணியில் ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு பெரிய பிறையை எடுத்துத் தூசி தட்டினார். என் பைக்கின் வளையத்தில் வைத்துப் பார்த்தோம். குழந்தையின் கையில் பெரியவர் வளையல் போட்டது போலத் தொங்கியது.

"இது பெரிய பைக்குக்கு உள்ளது சேர். உங்களுதுக்கு இப்ப வாறதில்ல. ஆமா, எதுக்குத் திருப்புறீங்க?"

"ரொம்ப இறுக்கமா இருக்கு."

"பின்னால என்ன பாரம் போகுது?"

"என் சம்சாரம்."

"எத்தனை கிலோ இருப்பாங்க?"

நான் பிறையை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"சும்மா ஒரு மட்டத்துக்குச் சொல்லுங்க. அம்பது? அறுபது? அதைப் பாத்துதானே எந்தப் படின்னு சொல்ல முடியும்."

அவருடைய கடையின் மேல் தட்டில் எத்தனை பெட்டி என்று என்னால் சொல்ல முடிந்திருக்கும். அவர் ஏறிய ஏணிக்கு ஒன்பது பலகை. ஆனால் அவர் கேட்டதுதான் எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகவே எத்தனை பிளேன்டீ குடித்திருக்கிறேன்.

முதலாளி என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கேள்வியை மாற்றினார். "சரி விடுங்க. கிலோவே வேணாம். நீங்க முன்னால உக்காருங்க, அவங்களைப் பின்னால உக்கார வைங்க. பின்பக்கம் ஒரு பெருவிரல் அளவு இறங்கணும். இறங்குற படி எதுவோ அதான் உங்க படி. சாவிக்கு யாராவது புது ஸ்கூட்டர் வச்சிருக்கவங்களைப் பிடிங்க. புதுசோட குடுக்குறாங்க. அளவும் ஒத்து வரும்."

ஈரத்துக்குக் கழிப்பது

திரும்பும் வழியில் தூறல் பிடித்தது. தேயிலைச் செடிகளின் மேல் மேகம் தவழ்ந்து போனது. மனம் வேறு ஒரு தூறலுக்குப் போய்விட்டது.

பூனாகலைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் முதன்முதலாகப் படிப்பிக்கப் போன கதையைச் சில வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். அங்கே ஒரு மாலை மழைக்கு, தேயிலை நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்தில் ஒதுங்கினேன். கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். பச்சை இலையின் வாசம் மூச்சை நிறைத்தது. சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டுவார்கள். முள் ஆடி நிற்கும். கணக்கப்பிள்ளை எடையைச் சொல்லிவிட்டு, சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார். கழித்து மிஞ்சியதுதான் பறித்தவளுடைய கொழுந்து.

ஒரு பெண்ணின் சாக்குக்கு மூன்று கிலோ கழித்தார். அவள் நகரவில்லை.

"மூணு கிலோ ஈரமா? நான் என்ன ஆத்துல முக்கி எடுத்துட்டா வந்தேன்?"

"எலையில தண்ணி சொட்டுது புள்ள."

"என் தலையிலயும்தான் சொட்டுது. என்னையும் மாட்டிப் பாருங்க. எனக்கு எத்தனை கழிப்பீங்க?"

மடுவமே சிரித்தது. கணக்கப்பிள்ளை ஒரு கிலோவைத் திருப்பிக் கொடுத்தார். அவளுக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் அன்று இரண்டு கிலோதான் கழிந்தது. அந்தப் பெண்ணின் பெயர் மரகதம் என்று தெரிந்துகொள்ள எனக்கு வெகு நாள் ஆகவில்லை.

மிஸ்ஸின் ஸ்கூட்டர்

எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தின் முன்னால் ஒரு சிவப்பு ஸ்கூட்டர் நின்றது. தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. ஸ்கூட்டர், குழந்தைகளை நிறுக்க வரும் மருத்துவமாதுவினுடையது. அவரை எல்லோரும் மிஸ் என்போம்.

நான் நனைந்துகொண்டு உள்ளே போனேன். கூரை மரத்தில் தராசு தொங்கியது. அதில் ஒரு குழந்தை துணிப் பைக்குள் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. முள் நிற்காமல் நடுங்கியது. மிஸ் பொறுமையாகக் காத்து நின்றார்.

"மிஸ், உங்க ஸ்கூட்டர் பெட்டியில ஒரு சாமான் இருக்குமா? அரைவட்டமா, நுனியில கொக்கியோட?"

"ஷொக் திருப்புறதா? இருக்கு சேர். எதுக்கு?"

"ஷொக் திருப்பத்தான்."

குழந்தையின் தாய் சிரித்தாள். "சேர் ரேசுக்குப் போகப் போறாரு போல."

"இந்த ரோட்டுலயா?" என்றாள் இன்னொருத்தி. "முன்னால போறவரும் பள்ளத்துல, பின்னால வாறவரும் அதே பள்ளத்துல."

மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. மரகதத்தின் உடம்பு அவருக்குத் தெரியும். குழந்தையை இறக்கித் தாயிடம் கொடுத்துவிட்டு, மழையில் ஓடிப் போய்ச் சீட்டைத் தூக்கி அதை எடுத்து வந்தார். பிறை. கறுப்பாக, எண்ணெய்ப் பசையோடு, என் உள்ளங்கை நீளம்.

"அடுத்த நிறுவைக்கு வாறப்ப குடுத்தா போதும் சேர்."

வெளியே வந்து, தூறலிலேயே குந்தி, வளையத்தில் வைத்துப் பார்த்தேன். கொக்கி பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. அவ்வளவு சரியாக ஒரு பொருள் மற்றொன்றில் உட்கார்ந்ததை நான் அண்மையில் பார்க்கவில்லை.

வாசலில் ஒரு சவாரி

மறுநாள் காலை பைக்கை நிமிர்த்தி நிறுத்தி, வளையத்தைத் திருப்பினேன். "டக்" என்று ஒரு சத்தம். ஐந்திலிருந்து நாலு. மறு பக்கமும் அப்படியே. பிறகு நான் முன்னால் உட்கார, மரகதம் பக்கவாட்டில் காலைத் தொங்கவிட்டுப் பின்னால் உட்கார்ந்தாள். எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கப் பக்கத்து வீட்டுச் செல்லம்மாவைக் கூப்பிட்டேன். மட்கார்டில் பள்ளிக்கூடத்துச் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தேன். அதில் பெருவிரலை வைத்துப் பார்ப்பது அவள் வேலை.

"என்னக்கா, வாசல்லயே ஊர்வலமா?"

"இவரு ஓட்டுற வேகத்துக்குப் பதுளைக்குப் போறதும் இதும் ஒண்ணுதான்" என்றாள் மரகதம்.

"அசையலையே சேர்" என்றாள் செல்லம்மா.

இறங்கினோம். மூன்றாம் படி. ஏறினோம்.

"இப்ப இறங்கிருக்கு. இல்ல, இல்ல, அது நீங்க மூச்சு விட்டது."

இரண்டாம் படி. "ஒரு நகம் அளவு."

முதல் படி. வளையம் அதற்கு மேல் திரும்பவில்லை. ஏறி உட்கார்ந்தோம். செல்லம்மா குனிந்து பார்த்தாள். "ஆ, இப்ப சரி. பெருவிரல்."

மூன்றாம் படியில் நிற்கும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். இரண்டில் நின்றாலும் மனம் தாங்கியிருக்கும். கீழே பள்ளத்தாக்கில் மேகம் அசையாமல் கிடந்தது.

பின்னால் இருந்து மரகதம் கேட்டாள். "இதுக்குக் கீழ படி இருக்கா?"

"இல்ல. இதுதான் கடைசி."

"அப்ப இதுக்கு மேல நான் இளைக்கக் கூடாது. இல்லாட்டி நீங்க புது பைக் வாங்கணும்."

செல்லம்மா சிரித்தாள். நானும் சிரிக்க முயன்றேன். மரகதம் என் தோளைத் தட்டினாள். "மதகு வரைக்கும் ஓட்டுங்க பாப்போம். நானும் இருக்கேன்."

போனோம். தப்ப முடியாத பள்ளங்கள் வந்தன. பைக் இறங்கி, உள்ளே எதையோ விழுங்கிக்கொண்டு, எழுந்தது. அவள் கை என் தோளில் இருந்தது. முன்பெல்லாம் பள்ளத்துக்குப் பள்ளம் அந்தக் கை இறுகும். அன்று இரண்டு இடத்தில் இறுகியது. மற்ற இடங்களில் சும்மா இருந்தது, துணி உலரப் போட்டது போல.

மதகில் நிறுத்தினேன். அவள் பலகையையும் அதன் கீழ் ஓடும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலி இருக்கு" என்றாள். "ஆனா போய்ட்டு வரலாம்."

தராசு

அடுத்த முறை பதுளைக்குப் போனபோது, ஆஸ்பத்திரி கேட்டில் அவள் கண்ணைத் திறந்தபடியே இறங்கினாள். வார்டு வாசலில் தராசு இருந்தது. எனக்குத் தாகம் எடுத்தது. ஆனால் போகவில்லை. சுவரில் சாய்ந்து நின்றேன்.

"நாற்பத்தொன்று" என்றார் நர்ஸ்.

"சேலைக்குக் கழிச்சுக்குங்க மிஸ்" என்றாள் மரகதம்.

"இங்க கழிக்கிறது இல்லம்மா. உள்ள போங்க."

அவள் திரும்பினாள். நான் அங்கே நிற்பதைப் பார்த்தாள். "டீ குடிக்கலையா?" என்று கேட்டாள். அதற்குப் பதிலை எதிர்பார்க்காமல் உள்ளே போனாள்.

அதற்கு அடுத்த தடவையும் போய் வந்தோம். பதுளை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. குடையையும் மீறி நனைந்துவிட்டாள். நர்ஸ் நாற்பத்தொன்றரை என்று வாசித்தார். நான் அதை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

பிறைச் சாவி இன்னும் என் சீட்டின் அடியில்தான் இருக்கிறது. பிள்ளை மடுவத்தில் மிஸ் ஒரு தடவை கேட்டார். இரண்டாம் படிக்கு ஏற்றிவிட்டுத் தருகிறேன் என்றேன். அவர் தன் தராசைக் கழற்றி, துணிப் பையை மடித்துக்கொண்டே, சரி என்றார்.

அவள் நனைந்த அன்று திரும்பும்போதும் மழைதான். வீட்டுக்கு வந்து ஈரச் சேலையைக் கொடியில் போடும்போது, அரைக் கிலோ கூடியிருக்கிறது என்று மரகதத்திடம் சொன்னேன்.

"அது சேலையில இருந்த தண்ணிங்க" என்றாள். "ஈரத்துக்குக் கழிச்சா ஒண்ணும் மிஞ்சாது."

சேலையின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் கழிக்கவில்லை.